நயாகரா: அப்பா அம்மாவுக்குக் கனடா விசாவும் எடுக்கணுமா, அமெரிக்கப் பக்கமே போதுமா?

எடிசன்_மாரி

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் மே கடைசியில் தென்காசியிலிருந்து வருகிறார்கள். ஜூலை முதல் வாரம் காரில் நயாகரா போகலாம் என்று எண்ணம். அப்பாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டுவலி, படி என்றாலே முகம் மாறிவிடும். கூடவே ஆறு வயதுப் பையன்.

ஆபீஸில் யாரைக் கேட்டாலும் “கனடா பக்கம் போகாமல் நயாகரா பார்த்தேன்னு சொல்லாதே” என்கிறார்கள். எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு எச்4 துணைவர் விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா இரண்டு பேருக்கும் காலாவதி. ஒப்புதல் கடிதமான ஐ-797 மட்டும் நடப்பில் இருக்கிறது. பெற்றோருக்குப் பத்து வருட பி1/பி2 சுற்றுலா விசா. பையன் இங்கே பிறந்தவன். ஆக, நாலு பேருக்குக் கனடா விசா விண்ணப்பம், கைரேகை, செலவு. எதிர்க்கரையில் நின்று பார்ப்பதற்காக இவ்வளவும் தேவையா?

அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி வேறு: “அங்கே குளிக்க விடுவாங்களா?” தென்காசிக்காரருக்கு என்ன பதில் சொல்ல?

பஃபலோ_சுப்பு

பஃபலோவில்தான் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் வழிகாட்டி உத்தியோகம் என் தலையில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம். குளிக்க முடியாது. ஆற்றில் கால் நனைக்கவும் நினைக்க வேண்டாம். த்ரீ சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும், முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும். அதன் இழுவை அப்படியில்லை. பையன் கையை அங்கே விடவே விடாதீர்கள்.

ஆனால் குற்றாலத்தில் தலையைக் கொடுத்துப் பழகியவர் மனசு ஆற ஓர் இடம் உண்டு. அருவிகளுக்கு நடுவே இருக்கும் கோட் தீவில் ‘கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்’. குகை என்பது பேருக்குத்தான். இருந்த குகை 1950களிலேயே பாறைச் சரிவோடு போய்விட்டது. இப்போது லிஃப்டில் 53 மீட்டர் கீழே இறங்கி, பாறைகளுக்கு நடுவே போட்ட மரப்படிகளிலும் மேடைகளிலும் ஏறிப்போக வேண்டும். கடைசி மேடைக்கு ‘ஹரிக்கேன் டெக்’ என்று பெயர். பிரைடல் வெயில் அருவி அங்கிருந்து 6 மீட்டர். கொடுக்கிற மஞ்சள் மழைக்கோட்டு ஒப்புக்குத்தான். காற்று அதைத் தலைக்கு மேல் தூக்கிவிடும், தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி உள்பனியன் வரை போய்விடும். கண்ணைத் திறக்க முடியாது, பக்கத்தில் நிற்பவர் கத்துவது காதில் விழாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அந்த மரக்கட்டுமானத்தை ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னாலும் பிரித்து எடுத்துவிட்டு, வசந்தத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். விட்டுவைத்தால் உறைபனி நொறுக்கிவிடும்.

அம்மாவுக்கு அந்தப் படிகள் வேண்டாம். அவர்களுக்குப் படகு. ‘மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்’ படகுத்துறைக்கு அப்சர்வேஷன் டவரிலிருந்து லிஃப்ட் உண்டு, அப்புறம் சரிவுப் பாதைதான், படி இல்லை. படகில் கீழ்த்தட்டில் ஓரமாகக் கம்பியைப் பிடித்து நின்றால் போதும். திரும்பும்போது பக்கத்தில் ஒரு படிக்கட்டு அமெரிக்க அருவியை ஒட்டி மேலே போகும். அதை அப்பாவுக்கும் பையனுக்கும் விட்டுவிடுங்கள்.

விசாவுக்காக மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் கவனிக்காத ஒன்று: அந்தப் படகு பெரிய அருவியான குதிரைலாட அருவியின் அடிவாரம் வரை போகும்போது கனடாவின் நீர்ப்பரப்புக்குள்தான் போகிறது. கரை இறங்காததால் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. எல்லை ஆற்றின் நடுவே தண்ணீரில் ஓடுகிறது.

என் கட்சி: அமெரிக்கப் பக்கம் போதும்.

ஸ்காபரோ_வாசன்

சுப்பு அண்ணை சொன்னதிலை பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கப் பக்கம் நின்றால் அருவியின் தலையைத்தான் காணலாம், முகத்தைக் காண ஏலாது. மூன்று அருவிகள் இருக்கின்றன: குதிரைலாடம், அமெரிக்க அருவி, பிரைடல் வெயில். மூன்றையும் ஒரே பார்வையில் நேருக்கு நேர் பார்க்கிறது எங்கட கரையிலைதான். இரண்டு நாட்டையும் இணைக்கிற ரெயின்போ பாலத்தடியிலிருந்து டேபிள் ரொக் வரைக்கும் ஆற்றோரமாக நடைபாதை, முழுக்கச் சமதரை. தெருவோரமாகவே கைப்பிடிச் சுவர், அதுக்கு அங்காலை அருவி. மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு எது வசதி என்று யோசித்துப் பாருங்கோ. நடக்க ஏலாவிட்டால் வீகோ பேருந்து ஓடுது, ஏறி இறங்கலாம்.

டேபிள் ரொக்கில் நின்றால் குதிரைலாட அருவி விளிம்பில் வளைந்து விழுகிற இடம் சில மீட்டரிலை. அந்தத் தண்ணீரின் பச்சை நிறத்தை வேறெங்கையும் கண்டதில்லை. கீழே ‘ஜேர்னி பிஹைண்ட் த ஃபோல்ஸ்’: லிஃப்டில் 38 மீட்டர் இறங்கி, பாறையைக் குடைந்த சுரங்கத்தால் அருவிக்குப் பின்பக்கம் போகலாம்.

பின்னேரம் எங்கட பக்கம் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம், வானவில் கண்ணுக்கு முன்னாலை. இரவில் அருவிக்கு அடிக்கிற வண்ண விளக்கும் எங்கட கரையிலிருந்துதான்.

ரொறன்ரோவிலிருந்து போகிற ஆக்கள் யூனியன் ஸ்டேஷனில் கோ ரயில் எடுத்தால் நயாகரா நகரத்துக்கே நேராகப் போகலாம், வாகனம் தரிப்பிடம் தேடுகிற கரைச்சல் இல்லை. கோடையில் வாகனத் தரிப்பிடக் கட்டணத்தைப் பார்த்தால் அருவியை விட அதுதான் மூச்சை நிறுத்தும்.

ஐ94_அக்கா

கரை எது அழகு என்று நீங்கள் சண்டை போடுங்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாரி தம்பி கவனமாகப் படிக்கணும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் எச்1பி, எச்4, பி2, எஃப்1 (மாணவர் விசா) எது இருந்தாலும் கனடாவுக்கு விசிட்டர் விசா வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் வேண்டாம், கார்டும் நடப்பிலுள்ள பாஸ்போர்ட்டும் போதும். “அமெரிக்க விசா இருந்தால் இடிஏ (இணையவழிப் பயண அனுமதி) போதுமாமே” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2023 ஜூனில் கனடா அந்தச் சலுகையைச் சில நாடுகளுக்கு விரித்தது உண்மை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை பத்து வருடம் செல்லும். பெற்றோர் அமெரிக்கா வந்த பிறகும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் விசா கிடைத்ததும் பாஸ்போர்ட்டை அனுப்பி ஒட்டி வாங்க வேண்டும். மே கடைசியில் வந்து ஜூலை முதல் வாரத்துக்குள் இதெல்லாம் முடியும் என்று நான் நம்ப மாட்டேன். எடுப்பதென்றால் ஊரிலிருந்தே, இப்போதே.

அடுத்தது உங்கள் காலாவதியான ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா. இதைத்தான் எல்லோரும் பயந்து பயந்து கேட்பார்கள். கனடாவில் 30 நாளுக்குள் இருந்துவிட்டுத் திரும்பினால், விசா காலாவதியாகியிருந்தாலும் நடப்பிலுள்ள ஐ-94 நுழைவுப் பதிவை வைத்து அமெரிக்காவுக்குள் வரலாம். ‘ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்’ என்று பெயர். நிபந்தனை: போன இடத்தில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. ஐ-797, அதன் அடியில் இருக்கும் ஐ-94, சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். போகும்போது ஐ-94 ஐ யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

பெற்றோர் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. கனடாவுக்கு ஒருநாள் போய் வந்தால் அமெரிக்காவில் தங்க அனுமதித்த ஆறு மாதம் புதிதாக ஆரம்பிக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அதை நம்பித் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அது எல்லையில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வது.

எடிசன்_மாரி

அக்கா, நன்றி. பையனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் போதுமா?

ஐ94_அக்கா

தரைவழியாகத் திரும்புவதென்றால் 16 வயதுக்குக் கீழ் இருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், எப்படியும் ஊருக்குப் போக வேண்டித்தானே வரும்.

மிச்சிகன்_மணி

விசா இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து நயாகராவுக்கு ஜிபிஎஸ் போட்டால் அது பாட்டுக்குக் கனடா வழியாகப் பாதை காட்டும், அதுதான் குறுக்கு வழி. விசா இல்லாதவர்கள் ஓஹாயோ வழியாக ஈரி ஏரியைச் சுற்றிப் போக வேண்டும். வழியில் ஒரு நிறுத்தத்தை வரைபடத்தில் சேர்த்துவிட்டால் சரியாகக் காட்டும்.

நயாகரா ஊருக்குள்ளேயும் கவனம். ரெயின்போ பாலம் அமெரிக்கப் பக்கத்து அருவிப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தவறான லேனில் நுழைந்துவிட்டால் திரும்ப இடம் இருக்காது, நேரே கனடா சோதனைச் சாவடிதான். விசா இல்லாமல் போய் நின்றால் அங்கிருந்து திருப்பி அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி எல்லா விசாரணையும் நடக்கும். பார்க்கிங் தேடும் அவசரத்தில்தான் இது நடக்கிறது.

ஸ்காபரோ_வாசன்

எல்லையிலை ஒருத்தருக்கும் விலக்கு இல்லை. 2012 ஜூனில் நிக் வாலண்டா அமெரிக்கக் கரையிலிருந்து எங்கட கரைக்குக் குதிரைலாட அருவிக்கு மேலாலை கம்பியில் நடந்து வந்தாரே, அவரிடமே கனடா அதிகாரிகள் பாஸ்போர்ட் கேட்டார்கள். மனுசன் நனைந்த உடுப்போடை எடுத்துக் காட்டினார்.

மின்வாரிய_ஓய்வு

தம்பிகள் இவ்வளவு எழுதியும் முக்கியமானதை யாரும் சொல்லவில்லை. எந்தக் கரையில் நின்றாலும், நீங்கள் பார்ப்பது திறந்துவிட்ட தண்ணீர்.

நயாகரா ஆற்றில் விநாடிக்குச் சுமார் 2,00,000 கன அடி ஓடுகிறது. 1950ல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரையும், செப்டம்பர் 16 முதல் அக்டோபர் 31 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரையும் அருவிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் விட வேண்டும். மற்ற நேரங்களிலும் குளிர்காலம் முழுவதும் 50,000 கன அடி போதும். மிச்சம் சுரங்கக் குழாய்கள் வழியாக இரண்டு நாட்டு மின்நிலையங்களுக்கும் போகிறது: இந்தப் பக்கம் 1961ல் ஓடத் தொடங்கிய ராபர்ட் மோசஸ், அந்தப் பக்கம் சர் ஆடம் பெக். அருவிக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் பாதி தூரத்துக்கு ஒரு மதகு வரிசை தெரியும். அதுதான் கட்டுப்பாட்டு அணை. மதகைத் தூக்கி இறக்கித்தான் அருவியின் அளவை வைக்கிறார்கள்.

மேட்டூரில் ஒரு லட்சம் கன அடி திறந்தால் நமக்குத் தலைப்புச் செய்தி, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. இங்கே கோடை முழுக்க, வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று தினம் அவ்வளவு விடுகிறார்கள்.

ஆகையால் விடியற்காலையில் போய்க் கூட்டம் இல்லாமல் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் எட்டு மணிக்கு மேலும் கொஞ்சம் நில்லுங்கள். இரவு பத்துக்கு மேல் விளக்கொளியில் பார்ப்பதும் குறைந்த தண்ணீர்தான். அகலம் முழுக்கப் பரவி விழுவதால் சாதாரணமாகத் தெரியாது, குதிரைலாடத்தின் இரண்டு ஓரங்களையும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

அமெரிக்க அருவியின் அடியில் மலைபோல் பாறை குவிந்திருக்கும். 1969 ஜூனில் அணைகட்டி அந்த அருவியை முழுதாக நிறுத்தினார்கள், நவம்பர் வரை வறண்டு கிடந்தது. பாறைகளை அள்ளிவிடலாமா என்று ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். இயற்கையும் ஒரு தடவை நிறுத்தியிருக்கிறது. 1848 மார்ச் கடைசியில் ஈரி ஏரியின் வாயில் பனிக்கட்டி அடைத்து, ஒரு நாளுக்கு மேல் ஆறே வற்றிப்போனது.

மாரி, பையனையும் அப்பாவையும் லூயிஸ்டனில் ராபர்ட் மோசஸ் மின்நிலையத்தின் பார்வையாளர் கூடமான ‘பவர் விஸ்டா’வுக்குக் கூட்டிப் போங்கள். அனுமதி இலவசம், ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு. ஆற்றுப் பள்ளத்தாக்கு மேலிருந்து அருமையாகத் தெரியும். அம்மாவும் உட்கார்ந்து கொள்ளலாம்.

பஃபலோ_சுப்பு

ஐயா, இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்த மதகு வரிசையைப் பாலம் என்றுதான் வருகிறவர்களிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். படகு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும்: அமெரிக்கப் பக்கத்துப் படகுகள் 2020 முதல் முழுக்க மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு சவாரிக்கும் நடுவில் கரையில் சார்ஜ் ஏற்றுவார்கள். இரண்டில் ஒன்றின் பெயர் நிக்கோலா டெஸ்லா.

கோவை_லதா

நான் மாரியின் அம்மா கட்சி. மகன் வீட்டுக்கு வந்தபோது என்னையும் அழைத்துப் போனார்கள், எனக்கும் முழங்கால் வலி உண்டு.

நீங்கள் எல்லோரும் எந்தக் கரை என்றுதான் பேசுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் கஷ்டம் ஏழு மணி நேரக் கார்ப் பயணம். போய் இறங்கினதும் “வாங்கம்மா, படகு, டவர், குகை” என்று இழுத்தால் அன்றைக்கே கால் வீங்கிவிடும். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, அன்றைக்குச் சும்மா அருவியைப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விடுங்கள். மறுநாள் காலை படகு. அப்பா நனையப் போகும்போது அம்மாவைக் கோட் தீவு முனையிலுள்ள டெரப்பின் பாயிண்டில் விடுங்கள். அங்கே சரிவுப் பாதை, சக்கர நாற்காலியே போகும். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குதிரைலாட அருவி காலடியிலேயே போய் விழும். கோட் தீவிலேயே வண்டி நிறுத்தினால் நடை குறையும். பூங்காவுக்குள் டிராலி வண்டியும் ஓடுகிறது.

படகில் கொடுக்கும் நீலக் கோட்டுக்குள் சேலை கட்டிப் போகாதீர்கள். கொசுவம் நனைந்து காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார், பின்னால் வார் வைத்த செருப்பு. மாற்று உடை காரில் இருக்கட்டும். சாரல் ஜூலையிலும் குளிர்கிறது.

கழிப்பறை எங்கெங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதை யாரும் எழுத மாட்டீர்கள், எங்களுக்கு அதுதான் முதல் கவலை.

எடிசன்_மாரி

லதா அம்மா, அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். “இவங்க சொல்றதைக் கேளு, மத்தவங்க சொல்றது அப்புறம்” என்று தீர்ப்பு வந்துவிட்டது.

வழியில் வாட்கின்ஸ் க்ளென் நிறுத்தலாமா? சாப்பாடு, தங்கும் இடம்?

பஃபலோ_சுப்பு

வாட்கின்ஸ் க்ளென் அழகுதான், ஆனால் பள்ளத்தாக்குப் பாதையில் 800க்கு மேல் கல்படிகள். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். அதற்குப் பதில் லெட்ச்வொர்த் பூங்கா. ஜெனிசி ஆறு பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு போகும், நடு அருவி வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே. கொஞ்சம் வளைந்து போனால் ரோச்செஸ்டருக்குத் தெற்கே ரஷ் என்ற ஊரில் ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது. பூஜை நேரத்தைப் பார்த்துப் போனால் அம்மாவுக்குப் பயண அலுப்பே போய்விடும்.

ஜூலை 4ஐ ஒட்டி வந்தால் அருவிப் பக்கத்து ஹோட்டல் விலை கண்ணைக் கட்டும். கிராண்ட் ஐலண்டிலோ ஆம்ஹர்ஸ்டிலோ தங்குங்கள், அரை மணிக்குள் அருவி. நாலாம் தேதி வாரக்கடைசி கழித்து செவ்வாய், புதன் கிடைத்தால் இன்னும் நல்லது. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. 1885லிருந்து பொதுமக்கள் பூங்கா, அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. கட்டணம் வண்டி நிறுத்தத்துக்கும் படகு, கேவ் ஆஃப் தி விண்ட்ஸ் போன்றவற்றுக்கும்தான். கோட் தீவு பார்க்கிங் பத்து மணிக்கு மேல் நிரம்பிவிடும்.

பூங்காவை ஒட்டிய தெருக்களில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் வடக்கத்திச் சமையல். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்க் கோட் தீவு மரத்தடியில் சாப்பிடுகிற கூட்டம்தான் நம்மவர்கள். கடற்பறவைகள் ஜாக்கிரதை, கையிலிருக்கிற அப்பளத்தைப் பறித்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. ஆற்றோரம் போனதும் போன் தானாகக் கனடா டவரைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பிளானில் கனடா சேரவில்லை என்றால் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ஸ்காபரோ_வாசன்

சரி, இந்த முறை விசா இல்லை என்று விளங்குது. ஆனால் அடுத்த முறை எடுக்கிறதென்றால் அருவிக்கு மட்டும் எடுக்காதேங்கோ. அதுக்காக ஆளுக்கு 185 டொலர் குடுக்கிறது எனக்கே கூடத்தான். நாலைந்து நாள் நின்று ரொறன்ரோவையும் பாருங்கோ. நயாகராவில் 1905ல் கட்டின பழைய மின்நிலையத்தைத் திறந்து விட்டிருக்கினம். கண்ணாடி லிஃப்டில் கீழே போய், 670 மீட்டர் சுரங்கத்தால் நடந்தால் ஆற்று மட்டத்துக்கே வரலாம். மின்வாரிய ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனால் திரும்ப வர மாட்டார். சென் கத்தரின்ஸில் வெலண்ட் கால்வாய் மூன்றாம் மதகுக்குப் பக்கத்திலை நின்றால் பெரிய சரக்குக் கப்பல் படி ஏறுகிற மாதிரி மேலே போகும். அருவியாலை கப்பல் ஏற ஏலாதே, அதனாலைதான் அந்தக் கால்வாய். ஆறு வயதுப் பிள்ளைக்கு அருவியை விட அது பிடிக்கும்.

பழைய வேர்ல்பூல் கேபிள் காரும் இருக்கு, 1916இலிருந்து ஓடுது. ஏறுகிறதும் இறங்குகிறதும் கனடாவிலைதான், ஆனால் போய் வருவதுக்குள்ளை எல்லைக்கோட்டை நாலு தரம் கடக்கும்.

அமெரிக்காவுக்குத் திரும்பேக்குள்ளை ஸ்காபரோவில் வாங்கின கறிவேப்பிலையை வண்டியில் வைக்காதேங்கோ. எடுத்துப் போடுவினம். சொல்லாமல் ஒளித்துக்கொண்டு போனால் அபராதமும் வரும். மட்டன் ரோலை இந்தப் பக்கமே சாப்பிட்டு முடியுங்கோ.

ஐ94_அக்கா

வாசன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சொந்தக் கார் என்றால் காப்பீட்டுச் சீட்டு கையில் இருக்கட்டும். கோடை வாரக்கடைசியில் ரெயின்போ பாலத்தில் வண்டி வரிசை நீளும், லூயிஸ்டன்–குயின்ஸ்டன் பாலத்தையும் பார்த்துக்கொண்டு போகலாம். வண்டியை அமெரிக்கப் பக்கம் நிறுத்திவிட்டு ரெயின்போ பாலத்தை நடந்தே கடப்பவர்கள் நிறையப் பேர். வேர்ல்பூல் பாலம் நெக்சஸ் அட்டை (முன்கூட்டியே சோதனை முடித்த பயணிகளுக்கானது) உள்ளவர்களுக்கு மட்டும்.

எடிசன்_மாரி

அமெரிக்கப் பக்கம் மட்டும், செவ்வாய் புதன், ஆம்ஹர்ஸ்ட் ஹோட்டல் என்று போட்டுவிட்டேன். கனடா விசா அடுத்த முறைக்கு. மிச்சமான பணத்தில் அம்மா ஒரு குக்கர் கேட்கிறார்.

காலையில் எதை முதலில்? படகா, கேவ் ஆஃப் தி விண்ட்ஸா?

பஃபலோ_சுப்பு

இரண்டுக்கும் வரிசை பத்து மணிக்கு மேல்தான் முட்டும். உங்களுக்கு: காலையில் ஐந்து பேரும் படகு, முதல் சில சவாரிகளுக்குள். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்போது கோட் தீவு முனையிலிருந்தும் அமெரிக்க அருவி விளிம்பிலுள்ள ப்ராஸ்பெக்ட் பாயிண்டிலிருந்தும் வானவில் தெரியும். மதியம் சாப்பாடு. மூன்று மணிக்கு மேல் அப்பாவும் நீங்களும் ஹரிக்கேன் டெக். அருவி அங்கே மேற்கைப் பார்த்து விழுவதால் அந்த நேரத்தில்தான் வானவில் காலடியில் வட்டமாக வரும். அனுமதிச் சீட்டில் நேரம் போட்டுக் கொடுப்பார்கள், மதியமே போய் வாங்கி வைத்துவிடுங்கள். குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று பையனுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள், மேல் மேடைக்குச் சின்னப் பிள்ளைகளை எப்போதும் விடுவதில்லை.

டல்லாஸ்_குமரன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு. அப்போது போனால் வீணா?

மின்வாரிய_ஓய்வு

வீண் இல்லை, வேறு மாதிரி. நவம்பரிலிருந்து 50,000 கன அடிதான் என்று முன்பே எழுதினேன். படகு கிடையாது, ஹரிக்கேன் டெக்கைப் பிரித்திருப்பார்கள். ஆனால் சாரல் படிந்து மரக்கிளை, விளக்குக் கம்பம், கைப்பிடி எல்லாம் கண்ணாடிப் பூச்சு பூசியதுபோல் உறைந்திருக்கும். முழு அருவியும் உறைந்துவிட்டதாக வரும் படங்களை நம்பாதீர்கள், மேலே பனிக்கட்டி மூடினாலும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பஃபலோ_சுப்பு

குமரன், டிசம்பரில் எங்கள் பஃபலோவின் ஏரிப்பனி உங்களுக்குப் பழக்கமிருக்காது. ஒரே இரவில் சாலையை மூடிவிடும். விமானத்தில் வந்து வண்டி எடுப்பதென்றால் பனிக்கால டயர் போட்ட வண்டியாகக் கேளுங்கள். ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் போடுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டை விலை குறைவுதான், ப்ராஸ்பெக்ட் பாயிண்ட் நடைபாதை முழுக்கப் பனிக்கண்ணாடி. ஊர்ப்பெரியவர்கள் கூட வருகிறார்களா?

டல்லாஸ்_குமரன்

மாமியார் வருகிறார்.

பஃபலோ_சுப்பு

அப்படியென்றால் அக்டோபர் முதல் வாரம் லீவு கேட்டுப் பாருங்கள். இலை நிறம் மாறியிருக்கும், படகு ஓடும், ஒரு லட்சம் கன அடியும் இரவு எட்டு வரை விழும்.